சுரங்கம் குடைந்த நிலத்தில் ஓர் இரும்புப் பாலம்: பென்னர்லி பாலத்தை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்ஹாம்ஷயருக்கும் டெர்பிஷயருக்கும் எல்லைபோல எரிவாஷ் என்னும் சிற்றாறு ஓடுகிறது. ஆறு சிறியதுதான், ஆனால் அதன் பள்ளத்தாக்கு அகன்று, தாழ்ந்து, ஈரம் கோத்துக் கிடப்பது. அந்தப் பள்ளத்தாக்கை ஆஸ்வர்த் என்ற சிற்றூரிலிருந்து இல்கெஸ்டன் நகரத்துப் பக்கமாகக் கடப்பதற்கு 1876-இல் தொடங்கி 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட பென்னர்லி இரயில் பாலம் இன்றும் நிற்கிறது. அதன் நீளம் 1,452 அடி, அதாவது சுமார் 443 மீட்டர். தண்டவாளம் ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 60 அடி உயரத்தில் சென்றது. ஒவ்வொன்றும் 76 அடி 7 அங்குலம் நீளமுள்ள 16 கண்கள் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) கொண்ட இந்தப் பாலத்தின் உடல் முழுவதும் தேனிரும்பு, அதாவது கார்பனைக் குறைத்து அடித்து நீட்டிய இரும்பு. தூண்களின் அடித்தளத்தில் மட்டுமே செங்கல்லும் கருங்கல் போன்ற உறுதியான மணற்கல்லும் உள்ளன.

விக்டோரியா காலத்துப் பிரிட்டனில் ஒரு பள்ளத்தாக்கை இரயில் கடக்க வேண்டும் என்றால், வழக்கமான விடை செங்கல் வளைவுப் பாலம். செங்கல் உள்ளூரிலேயே கிடைத்தது, கொத்தனார்களுக்குப் பழகிய வேலை, பராமரிப்பும் குறைவு. பென்னர்லியைக் கட்டிய கிரேட் நார்தர்ன் இரயில்வே நிறுவனமே, அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கில்ட்புரூக்கில், அதே காலத்தில், 43 வளைவுகள் கொண்ட நீண்ட செங்கல் பாலம் ஒன்றை எழுப்பியிருக்கிறது. அப்படியிருக்க எரிவாஷ் பள்ளத்தாக்கில் மட்டும் இரும்புக்குப் போனது ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டால், இரும்புப் பாலத்தின் பொறியியல் முழுவதையும் அதன் வழியே புரிந்துகொண்டுவிடலாம்.

விடை நிலத்துக்கு அடியில் இருந்தது. எரிவாஷ் பள்ளத்தாக்கு நிலக்கரிப் பகுதி. அந்த நிலக்கரிக்காகத்தான் இரயில் பாதையே வந்தது. அதுவரை இப்பகுதியின் நிலக்கரிப் போக்குவரத்து மிட்லண்ட் இரயில்வேயின் கையில் இருந்தது. கட்டணத் தகராறு முற்றியபின், போட்டி நிறுவனமான கிரேட் நார்தர்ன் 1872-இல் நாடாளுமன்றத்தின் அனுமதியைப் பெற்று, டெர்பி வரை தனக்கென ஒரு பாதையைப் போடத் தொடங்கியது. ஆக, பாதை எந்தச் செல்வத்தைத் தேடி வந்ததோ, அதைத் தோண்டி எடுத்த பள்ளங்களின் மேலேயே பாலத்தை நிறுத்த வேண்டியிருந்தது. நிலக்கரியை எடுத்தபின் சுரங்கத்தின் கூரை நாளடைவில் உள்ளே சரியும். அதற்கு மேலுள்ள நிலமும் சில அங்குலமோ சில அடியோ கீழிறங்கும். எப்போது இறங்கும், எவ்வளவு இறங்கும், எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்குமா என்று எந்தப் பொறியாளராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட நிலத்தில் செங்கல் வளைவு இருவகையில் ஆபத்தானது. முதலாவது, எடை. செங்கல் கட்டுமானம் தன் எடையைத் தாங்குவதற்கே பெரும் பருமன் கொண்டதாக இருக்க வேண்டும். அந்தப் பாரம் முழுவதும் அடித்தளத்தின் வழியே நலிந்த நிலத்தின் மேல் இறங்கும். இரண்டாவது காரணம் அதைவிட நுட்பமானது. வளைவு தன் பாரத்தை நேராகக் கீழே மட்டும் தள்ளுவதில்லை; பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வரிசையாக நிற்கும் வளைவுகளில் இடப்பக்க வளைவின் தள்ளலை வலப்பக்க வளைவின் எதிர்த்தள்ளல் சமன்செய்வதால்தான் நடுவிலுள்ள தூண் மெலிதாக இருந்தும் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு தூண் சற்றே இறங்கினாலோ சாய்ந்தாலோ, அதன் இருபுறமும் உள்ள வளைவுகளின் வடிவம் குலைந்து விரிசல் விடும். நிலைமை மோசமானால் அடுத்தடுத்த வளைவுகளும் ஆதரவை இழக்கும். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கும் கட்டமைப்பு அது.

இரும்புக் கர்டர் பாலத்தில் இந்தச் சார்பு இல்லை. ஒவ்வொரு கண்ணும் இரண்டு தூண்களின் மேல் வைத்த ஒரு தனி உத்தரம். தூண்களை அது கீழ்நோக்கி அழுத்துகிறதே தவிர, பக்கவாட்டில் தள்ளுவதில்லை. ஒரு தூண் இரண்டு அங்குலம் இறங்கினால் கர்டர் அந்த முனையில் இரண்டு அங்குலம் சாயும், அவ்வளவுதான். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தகடு செருகி மட்டத்தைச் சரிசெய்துவிடலாம். ‘இறங்கவே இறங்காது’ என்று உறுதி சொல்லும் பாலத்தைவிட, ‘இறங்கினால் திருத்திக்கொள்ளலாம்’ என்று இடம்விடும் பாலமே இங்கே பொருத்தம் என்பதுதான் முடிவு. கிரேட் நார்தர்னின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் ஜான்சனும், களப்பொறியாளராக இருந்த சாமுவேல் அபட்டும் எடுத்த இந்த முடிவை நான் துணிச்சல் என்பதைவிட நிதானம் என்றே சொல்வேன்.

இனி அந்த உத்தரம் எப்படி இவ்வளவு இலேசாக அமைந்தது என்று பார்ப்போம். எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்றை இரு விரல்களுக்கு இடையே கிடையாகப் பிடித்து, நடுப்பகுதி தாழும்படி வளைத்துப் பாருங்கள். மேல்பரப்பு நெருங்கிச் சுருக்கம் விழும். கீழ்பரப்பு நீண்டு விறைக்கும். எந்த உத்தரத்தின் மேல் பாரம் ஏற்றினாலும் உள்ளே நடப்பது இதுதான். மேல்விளிம்பு அமுக்கவிசையைத் தாங்குகிறது. கீழ்விளிம்பு இழுவிசையைத் தாங்குகிறது. நடுவிலுள்ள பொருளுக்கு வேலை மிகக் குறைவு. அந்த நடுப்பகுதி செய்யும் முக்கியமான பணி, மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றையொன்று விட்டுவிடாமல் சேர்த்துப் பிடிப்பதே. அப்படியானால் நடுப்பகுதியைக் கனமான தகடாக வைக்க வேண்டியதில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த பட்டைகளை மட்டும் வைத்து, மிச்சத்தைக் காலியாக விட்டுவிடலாம். பென்னர்லியின் பக்கவாட்டில் தெரியும் வலைப்பின்னல் போன்ற அமைப்பு இதுவே. பார்ப்பதற்கு அலங்காரம்போல் இருக்கிறது. உண்மையில் தேவையில்லாத இரும்பையெல்லாம் நீக்கியபின் மிஞ்சியது அது.

பட்டைகள் சாய்வாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நான்கு கம்பிகளை முனையில் பூட்டிச் சதுரம் செய்தால், ஒரு மூலையை அழுத்தியதும் அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். மூன்று கம்பிகளால் செய்த முக்கோணம் கம்பி நீளாமலோ குறுகாமலோ வடிவம் மாறவே மாறாது. 1848-இல் ஜேம்ஸ் வாரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கர்டர், இந்த முக்கோணங்களை வரிசையாக நிமிர்த்தியும் கவிழ்த்தும் அடுக்கியது. அந்த வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால் வலைப்பின்னல் கர்டர் கிடைக்கும். இதில் ஒரு பட்டை பழுதானாலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்துப் பட்டைகள் இருக்கும்.

கர்டரின் ஆழம், அதாவது மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளி, ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 24 மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணின் மேல் மீட்டருக்கு 5 டன் வீதம் பாரம் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஏற்படும் வளைதிருப்பம் (கர்டரை வளைக்கப் பார்க்கும் விளைவின் அளவு), மீட்டருக்கான பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வருவது: 360 டன்-மீட்டர். இதைக் கர்டரின் ஆழத்தால் வகுத்தால் விளிம்புகளில் ஏற்படும் விசை கிடைக்கும். ஆழம் 2 மீட்டர் என்றால் விசை 180 டன். ஆழத்தை 3 மீட்டராக்கினால் 120 டன்தான். ஆழத்தைக் கூட்டுவதற்கு வலைப்பின்னலில் சிறிதளவே கூடுதல் இரும்பு வேண்டும். அதற்கு ஈடாக விளிம்புகளில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு மிச்சமாகிறது. அந்தக் காலத்து இரும்புப் பாலங்கள் பலவும் ஆழமான, ஊடுருவிப் பார்க்கக்கூடிய கர்டர்களோடு இருப்பதன் கணக்கு இவ்வளவே.

இழுவிசை, அமுக்கவிசை என்ற இந்த வேறுபாடு, எந்த இரும்பைப் பயன்படுத்துவது என்ற கேள்வியில் உயிர்ப் பிரச்சினையாகிறது. வார்ப்பிரும்பில் கார்பன் 3 அல்லது 4 சதவீதம் வரை இருக்கும்; அச்சில் ஊற்றி வேண்டிய வடிவம் பெறலாம்; அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும். ஆனால் இழுத்தால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பட்டென்று முறியும். 1847 மே 24-ஆம் தேதி செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் வடிவமைத்த பாலத்தில், இரயில் சென்றுகொண்டிருந்தபோதே வார்ப்பிரும்புக் கர்டர் முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் நீண்ட கண்களுக்கு வார்ப்பிரும்புக் கர்டர் என்ற எண்ணமே பொறியாளர்களிடம் மெல்ல மறைந்தது.

மாற்றாக இருந்தது தேனிரும்பு. 1784-இல் ஹென்றி கார்ட் காப்புரிமை பெற்ற முறையில், உருகிய வார்ப்பிரும்பை உலையில் பரப்பி, நீண்ட இரும்புக் கோலால் ஒரு தொழிலாளி கிண்டிக்கொண்டே இருப்பார். கார்பன் எரிந்து குறையக் குறைய இரும்பின் உருகுநிலை உயரும். அதனால் உலையின் சூட்டிலேயே அது கெட்டிப்பட்டுக் களிபோலத் திரளும். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள உருண்டைகளாக அதைத் திரட்டி, வெளியே இழுத்து, நீராவிச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிந்து வெளியேற்றுவார்கள். பிழிந்தபின்னும் கொஞ்சம் கசடு உள்ளே தங்கும். உருளைகளுக்கு இடையே இரும்பை நீட்டும்போது அந்தக் கசடும் நீண்டு இழைகளாகிவிடும். முறித்துப் பார்த்தால் மரத்துண்டு போல நார்நாராகத் தெரிவது இதனால்தான். இந்த இரும்பு இழுவிசையை நன்கு தாங்கும். அளவு மீறினால் முறிவதற்கு முன் நீண்டு வளைந்து எச்சரிக்கும். பிரிட்டனில் இரயில் பாலங்களைச் சோதித்து அனுமதித்த வணிக வாரியம், தேனிரும்பில் சதுர அங்குலத்துக்கு 5 டன் வரை இழுவிசை கொடுக்கலாம் என்று வரையறுத்திருந்தது.

அப்போது எஃகு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, எஃகை மலிவாகப் பெருமளவில் செய்யும் முறையை ஹென்றி பெசமர் அறிவித்தது 1856-இல். ஆனால் ஆரம்பகால எஃகின் தரம் ஏறுமாறாக இருந்ததால், வணிக வாரியம் அதைப் பாலங்களுக்கு அனுமதித்தது 1877-இல்தான், பென்னர்லி முடிந்த அதே ஆண்டில். அந்த அளவில் இப்பாலம் தேனிரும்புக் காலத்தின் கடைசி வரிசையைச் சேர்ந்தது. 1890-இல் ஸ்காட்லாந்தில் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலம் முழுக்க எஃகு.

ஓர் உருண்டை 40 கிலோ என்றால், தேனிரும்பில் பெரிய துண்டுகள் செய்வது எவ்வளவு சிரமம் என்று ஊகிக்கலாம். எனவே பாலம் என்பது ஆயிரக்கணக்கான சிறு தகடுகள், பட்டைகள், கோணங்கள் ஆகியவற்றின் தொகுப்பாக இருந்தது. அவற்றைப் பிணைத்தவை ரிவெட்டுகள். ரிவெட் அடிப்பது ஒரு குழுவின் வேலை. ஒருவர் கரி அடுப்பில் ரிவெட்டைச் செந்தணலாகக் காய்ச்சிக் கொடுப்பார். இன்னொருவர் அதைத் துளையில் செருகி, தலைப்பகுதியைக் கனமான இரும்பால் முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மற்றவர்கள் மாறிமாறி அடித்து இன்னொரு தலையாக்குவார்கள். சில நொடிகளில் முடித்தாக வேண்டும். ஆறிவிட்டால் அது வீண். சரியாக அடித்த ரிவெட் ஆறும்போது நீளத்தில் குறுகும். குறுகும்போது இரண்டு தகடுகளையும் சேர்த்து இறுக்கும். அந்த இறுக்கத்தால் தகடுகளுக்கு இடையே உண்டாகும் உராய்வே விசையின் பெரும்பகுதியைக் கடத்துகிறது என்பதால், ரிவெட் ஒரு ஆணி மட்டுமல்ல, ஒரு நிரந்தரப் பிடியும்கூட. பென்னர்லியின் இரும்பு வேலையைச் செய்து கொடுத்தது டெர்பி நகரத்தின் ஈஸ்ட்வுட் ஸ்விங்லர் நிறுவனம். பட்டறை பக்கத்து நகரில் இருந்தது பெரிய வசதி.

தூண்களுக்கு வருவோம். நீண்ட மெல்லிய தூணின் தலையில் பாரம் ஏற்றினால், அது நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து மடங்கிவிடும். ஆங்கிலேயப் பொறியாளர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் 1840-ஐ ஒட்டிச் செய்த சோதனைகள் இதை எண்களோடு காட்டின. ஒரே எடையுள்ள இரும்பை உருட்டுக் கம்பியாக வைப்பதைவிட அகன்ற குழாயாக வைத்தால் வளைவதற்கான எதிர்ப்பு பலமடங்கு கூடும். பென்னர்லியின் தூண்கள் அதனால்தான் உள்ளீடற்ற குழாய்கள். வளைந்த தகட்டுத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ரிவெட் அடித்துக் குழாயாக்கியிருக்கிறார்கள். பல குழாய்கள் கூட்டமாக நிமிர்ந்து நிற்க, அவற்றை இடையிடையே குறுக்குக் கம்பிகள் பிணைக்கின்றன. குறுக்குக் கம்பி பூட்டிய ஒவ்வோர் இடமும் தூணின் வளையக்கூடிய நீளத்தைத் துண்டு துண்டாகக் குறைத்துவிடுகிறது.

கூட்டத்தின் இருபுறமும் காலை அகட்டி வைத்தாற்போல் சாய்ந்த குழாய்களும் உண்டு. அவை இரயிலின் பாரத்துக்காக அல்ல, காற்றுக்காக. உயரமான பாலத்தின் மேல் பக்கவாட்டில் அடிக்கும் காற்று அதைக் கவிழ்க்கப் பார்க்கும்; அடி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் கவிழ்வது கடினம். செங்கல் பாலம் தன் எடையாலேயே காற்றை அலட்சியம் செய்துவிடும். இலேசான இரும்புப் பாலத்துக்கு அந்த வசதி இல்லை. இலேசாக இருப்பதற்கு அது கொடுக்கும் விலை இதுதான்.

அந்த விலையைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை டே பாலம் காட்டியது. தாமஸ் பௌச் வடிவமைத்து, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரருகே 1878-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் உயர்ந்த 13 கண்களும் 1879 டிசம்பர் 28 இரவு புயலில் சரிந்தன. அப்போது அதன்மேல் சென்ற இரயிலும் ஆற்றில் விழுந்தது. சுமார் 75 பேர் என்று கணக்கிடப்படும் பயணிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விசாரணையில் தெரிந்தவை பல. காற்றழுத்தத்துக்கென்று வடிவமைப்பில் தனியாக எதுவும் ஒதுக்கப்படவில்லை. தூண்கள் வார்ப்பிரும்பு; குறுக்குக் கம்பிகளைப் பூட்டத் தூணோடு சேர்த்தே வார்த்த காதுகளும் வார்ப்பிரும்பு. காற்று அடிக்கும்போது அந்தக் காதுகள் இழுவிசைக்கு உள்ளாகும். வார்ப்பிரும்புக்கு ஆகாத விசை அதுதானே. இதே பௌச் 1860-இல் வட இங்கிலாந்தில் கட்டிய பெலா பாலம் 196 அடி உயரத்தில், வார்ப்பிரும்புத் தூண்களோடுதான், நூறாண்டு நின்றது. அதன் தூண்கள் கீழே நன்றாக அகன்றிருந்தன. விசாரணைக்குப் பிறகு சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்கும்படி பாலங்களை வடிவமைக்க வேண்டும் என்ற விதி வந்தது. பென்னர்லி அந்த விதி வருவதற்கு முன்பே கட்டப்பட்டது. ஆனாலும் தூணும் தேனிரும்பு, பிணைப்பும் தேனிரும்பு, அடியும் அகலம் என்பதால் அது பாதுகாப்பான பக்கத்தில் இருந்தது.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் இரும்பு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். 443 மீட்டர் நீளம் ஒரே துண்டாக இருந்து, குளிருக்கும் வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால், நீட்சி ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். தனித்தனிக் கண்களாகப் பிரித்தால் ஒரு கண்ணுக்கு 8 மில்லிமீட்டர்தான். சிறு இடைவெளியிலேயே அதைச் சமாளித்துவிடலாம்.

இரும்புத் தூண்களின் மேல் உயர்ந்த பாலங்களைக் கட்டும் வழக்கத்தைப் பிரிட்டனில் பெரிய அளவில் தொடங்கிவைத்தது வேல்ஸின் கிரம்லின் பாலம். 1857-இல் திறக்கப்பட்ட அதன் உயரம் 200 அடி. அது 1960-களின் நடுவில் கழற்றப்பட்டுவிட்டது. பெலாவும் 1963-இல் போனது. இரயில் தடங்களைக் கூட்டங்கூட்டமாக மூடிய பத்தாண்டு அது. மூடிய பின் பாலத்தின் மதிப்பு பழைய இரும்பின் விலைதான்.

பென்னர்லியில் 1878 தொடக்கத்தில் சரக்கு வண்டிகளும் அதே ஆண்டு பயணிகள் வண்டிகளும் ஓடத் தொடங்கின. 1916 ஜனவரி 31 இரவு ஜெர்மானிய ஸெப்பெலின் வான்கப்பல் ஒன்று இப்பகுதியில் குண்டு வீசியது. கீழே செல்லும் மிட்லண்ட் தடம் சேதமடைந்தது, மேலே நின்ற பாலம் தப்பியது. 1968-இல் இந்தத் தடமும் மூடப்பட்டது. பாலத்தை இடித்துவிடும் எண்ணம் அதிகாரிகளுக்கு இருந்தது. ஆனால் தேனிரும்பை எரிவாயுச் சுடரால் வெட்டுவது எஃகை வெட்டுவதுபோல் எளிதல்ல. உள்ளிருக்கும் கசடு இழைகள் தடையாக இருக்கும். ரிவெட் ரிவெட்டாகக் கழற்றிப் பிரித்தால், கிடைக்கும் பழைய இரும்பின் விலையைவிடக் கூலி அதிகமாகும். 1974-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உயர்ந்த தரத்தில் சேர்க்கப்பட்டது. உறுதியானதென்று எண்ணத் தோன்றும் கில்ட்புரூக் செங்கல் பாலமோ, சாலைக்கு இடம்விட 1973-இல் இடிக்கப்பட்டுவிட்டது.

பிறகு பல பத்தாண்டுகள் பென்னர்லி ஆளில்லாமல் நின்றது. பழைய இரயில் தடங்களை நடைபாதைகளாக மாற்றும் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் அது வந்தபின்னும் வேலை மெதுவாகவே நகர்ந்தது; உள்ளூர் மக்கள் ஒரு நண்பர் குழுவாகத் திரண்டு வற்புறுத்திய பிறகே வேகம் பிடித்தது. உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2020-ஆம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. பழுதுபார்த்து, புதிய தளம் போட்டு, 2022 ஜனவரியில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பிரிட்டனில் இவ்வகையில் எஞ்சியிருக்கும் இன்னொரு தேனிரும்புப் பாலம், டெவன் மாவட்டத்தில் 1874-இல் கட்டப்பட்டு 151 அடி உயரத்தில் நிற்கும் மெல்டன் பாலம்; அதன் மேலும் இப்போது இரயில் இல்லை, மிதிவண்டிப் பாதைதான்.

இரயிலைத் தாங்கக் கட்டிய கர்டர்களுக்கு மனித நடை ஒரு பாரமே அல்ல. இன்றைய பராமரிப்பில் கவலை தருவது நீர். இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் மழைநீர் தங்கினால் அங்கே துரு வளரும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் தகடுகளைப் பிரித்துத் தள்ளி, ரிவெட்டின் தலையையே பிய்த்துவிடும். எனவே பாலத்தைச் சோதிப்பவர்கள் பெரிய தூண்களைவிட, பட்டைகள் ஒன்றையொன்று கடக்கும் மூலைகளையும், குப்பை சேரும் கீழ்விளிம்புகளையும்தான் முதலில் துடைத்துப் பார்க்கிறார்கள்.